உப்புக்காற்றில் ஒரு தச்சுப்பட்டறை

வீட்டில் சிறியதொரு தச்சுப்பட்டறை அமைக்க என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும் என்று அண்மைக் காலமாக நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மென்பொருள் துறையினர். காணொளிகளில் யாரோ ஒருவர் பலகையை இழைக்க, மரம் நாடாவாகச் சுருண்டு விழுவதைப் பார்த்து மயங்கியவர்கள். அந்த மயக்கத்தை நான் குறை கூறமாட்டேன். நானும் அதற்கு ஆட்பட்டவனே. ஆயினும் கேள்வி தவறான முனையிலிருந்து தொடங்குகிறது என்பது என் எண்ணம். வாங்குவது ஒரு நாள் வேலை. வாங்கிய உளி ஐந்தாண்டு கழித்தும் உளியாகவே இருக்க என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பட்டறை வைக்க விரும்புவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்லும் தகுதியை எனக்கு அளித்தது நான் குடியிருக்கும் ஊர். சோழமண்டலக் கடற்கரை தெற்கு நோக்கி ஓடிவந்து மேற்காகத் திரும்பும் மூலையில் இருக்கிறது கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல்; தெற்கே பாக் நீரிணை; மேற்கே சதுப்பு நிலம்; வடக்கே வேதாரண்யம் செல்லும் வழியெங்கும் உப்பளங்கள். பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டுப் பூங்குழலியின் படகைத் தேடிவரும் அன்பர்கள் குழகர் கோயிலைப் பார்ப்பார்கள், வெளிமானைப் பார்ப்பார்கள், பருவம் வாய்த்தால் பூநாரையையும் பார்ப்பார்கள். இவ்வூரின் சன்னல் கம்பிகளை எவரும் பார்ப்பதில்லை. விரல் பருமனில் வைத்த கம்பி சில ஆண்டுகளில் நடுவே மெலிந்து, இலைபோல் அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். கதவின் கீல் அழுவதற்கு இங்கே மழை வேண்டியதில்லை. காற்றே போதும்.

இதற்குக் காரணம் எளிது. கடற்காற்றில் மிதந்துவரும் உப்புத்துகள் இரும்பின்மேல் படிகிறது. சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். ஆகவே நம் கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் உளியின்மேல், உண்மையில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். திருச்சியிலோ சேலத்திலோ மூன்றாண்டு கவனிப்பாரின்றிக் கிடக்கக்கூடிய கருவி இங்கே மூன்று வாரத்தில் சிவந்துவிடும்.

என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் இணையத்தில் ஒரே நாளில் ஒரு முழுப் பட்டறையை வாங்கினார். பன்னிரண்டு உளிகள் கொண்ட பெட்டி, நான்கு இழைப்புளிகள், மின்சார இழைப்பி, வட்ட ரம்பம், விதவிதமான கவ்விகள். உளிகளைத் தோலுறையில் இட்டு, தகரப் பெட்டியில் அடுக்கி, பூட்டியும் வைத்தார். அடுத்த பொங்கலுக்குப் பெட்டியைத் திறந்தபோது தோலுறை பூசணம் பூத்திருந்தது. உளிகளின் முகமெங்கும் அம்மைத் தழும்பு. அவர் விற்றவரைத் திட்டினார். விற்றவர்மேல் குற்றம் ஏதுமில்லை. பதனிட்ட தோலில் எஞ்சியிருக்கும் அமிலமும் உப்பும் எஃகுக்கு ஆகா. தகரப் பெட்டி பகலில் சூடேறி விடியற்காலையில் குளிர்வதால் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் இவை இரண்டும் துணைக் காரணங்களே. முதற்காரணம், அந்தப் பன்னிரண்டில் பத்து உளிகளுக்கு அவரிடம் வேலை இல்லை என்பது. கையில் எடுக்கப்படாத கருவியை இந்தக் கடற்கரை தனக்குரியதாக்கிக் கொள்கிறது.

அதனால் எனக்குக் குறைவான கருவிகளே போதும் என்று தோன்றுகிறது. இது புதுக் கருத்தன்று. கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் என்ற அமெரிக்கத் தச்சர் 2011இல் எழுதிய 'தி அனார்கிஸ்ட்ஸ் டூல் செஸ்ட்' என்னும் நூல், ஐம்பதுக்கும் குறைவான கைக்கருவிகளைக் கொண்டு ஏறத்தாழ எதையும் செய்துவிடலாம் என்று வாதிடுகிறது. அமெரிக்கர்க்கு அது துறவு. நமக்கு அந்த ஐம்பதே ஆடம்பரம். இப்பக்கத்து ஆசாரி ஒருவர் தோளில் மாட்டிவரும் சாக்குப் பையில் இருபது உருப்படி இருந்தால் அதிகம். அவர் மேசையும் கேட்பதில்லை. தரையில் அமர்ந்து, கால் பெருவிரலாலும் குதிகாலாலும் மரத்தைப் பற்றிக்கொண்டு இழைப்பார். அப்படி உட்கார நம் முழங்கால்கள் ஒப்புக்கொள்ளாத காரணத்தால் நாம் மேசை போடுகிறோம். (பேராசிரியர்களின் முழங்கால்கள் கருத்தரங்க நாற்காலிகளுக்குப் பழகியவை.)

என் பட்டறையில் உள்ளவற்றைச் சொல்கிறேன். அரை அங்குல உளி ஒன்று, ஓர் அங்குல உளி ஒன்று. இரும்பு இழைப்புளி ஒன்று. நீளவாக்கில் அறுக்க ஒரு கைவாள், பொருத்துகளுக்கு முதுகுப்பட்டி வைத்த சிறுவாள். மூலைமட்டம். விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கட்டை. சுத்தியல், கொட்டாப்புளி. கவ்விகள் நான்கு. மின்சாரத் துளைப்பான் ஒன்று. இவற்றோடு, இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சாணைக்கல். சென்னையில் 1954இல் தொடங்கப்பெற்ற கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் இருமுக எண்ணெய்க்கல், ஒருபுறம் சொரசொரப்பு, மறுபுறம் மழமழப்பு, பல்லாண்டுகளாக நம் தச்சர் கைகளில் புழங்குவது. புதிதாகத் தொடங்குவோர் கல்லுக்கான பணத்தைக் கடைசியில் ஒதுக்குகிறார்கள். முதலில் ஒதுக்க வேண்டும். கடையிலிருந்து வரும் உளி அறுக்காது. தீட்டிய பிறகே அது உளி. 25 பாகையில் சரிவு பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டினால் நம்மூர் மரங்களுக்குத் தாங்கும். தீட்டக் கற்றுக்கொள்ளாதவர் எத்தனை வாங்கினாலும் பட்டறை வைத்தவராகார்.

இழைப்புளி என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். இழைப்பு, உளி. மரக்கட்டையின் அல்லது இரும்பு உடலின் நடுவே சாய்வாகப் பொருத்திய ஓர் உளி. அதற்கு மேல் அதில் மந்திரம் ஏதும் இல்லை. உளியைத் தீட்டத் தெரிந்தவருக்கு இழைப்புளியும் தெரிந்துவிடும் என்று சொல்லே கற்பிக்கிறது. அதேபோல் ஓடாவி என்றொரு சொல். படகு கட்டும் தச்சருக்கு உரியது. என் மாணவர்களிடம் கேட்டேன். கடற்கரைக் குடும்பங்களிலிருந்து வந்தோர் சிலரைத் தவிர எவரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. மரத்தை அறிந்த கைகளுக்கு வேலை குன்றியது. மீனவர்க்கு அப்படகு நல்லதென்றால் நமக்கு அதில் வழக்கில்லை. ஆனால் ஒரு தொழில் போகும்போது அகராதியில் ஒரு சொல் தனியே நின்று விழிப்பதைத் தமிழாசிரியன் காணாமல் இருக்க முடியாது.

இனிப் பேணுதல். இதில் நான் கற்றது பெரும்பாலும் அடுத்த சிற்றூரில் இருந்த முதிய ஆசாரி ஒருவரிடம். அவர் ஒருநாள் என் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், எண்ணெய் போடறதுக்கு முன்னாடி உப்பை எடுங்க. உப்பு மேலயே எண்ணெயைத் தடவினா அதுக்குப் போர்வை போத்திவிட்ட மாதிரி. உள்ள இருந்துக்கிட்டே தின்னும்." வேதியியல் நூல் ஒன்றும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. வேலை முடிந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரும்பைத் துடைக்க வேண்டும். நம் வியர்வையும் உப்புதான் என்பதால் கைபட்ட இடமெல்லாம் துடைக்கப்பட வேண்டும். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, ஒரு நொடி வெயிலிலோ விளக்கருகிலோ காட்டி, பிறகு எண்ணெய். எண்ணெயிலும் வேற்றுமை உண்டு. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்காகி இறுகும். தேங்காயெண்ணெய் பரவாயில்லை, ஆனால் சிக்கடிக்கும். தையல் எந்திரத்துக்கு விடும் கனிம எண்ணெய் இவற்றினும் நல்லது, மலிவும்கூட. இழைப்புளியின் அடிப்பாகத்தில் மெழுகுவத்தியால் இரண்டு கோடு இழுத்தால் துருவும் தடுக்கும், மரத்தின்மேல் வழுக்கியும் ஓடும்.

ஒரு கருவிக்கு ஒரு நிமிடம். பத்துக் கருவிக்குப் பத்து நிமிடம். ஐம்பது கருவி வைத்திருப்பவர் ஐம்பது நிமிடம் துடைப்பாரா? முதல் வாரம் துடைப்பார். கருவிகளின் எண்ணிக்கையை நான் வலியுறுத்துவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். எளிமை பற்றிய கொள்கைப் பற்று எதுவும் இல்லை.

பட்டறைக்குரிய இடம் கடலைப் பாராத பக்கம் இருத்தல் நலம். காற்று வேண்டும், கடற்காற்று நேரே வேண்டாம். கருவிகளை மர அலமாரியில் வைக்கலாம். மரம் ஈரத்தை ஏற்றும் விட்டும் ஓரளவு சமன் செய்யும். முன்பெல்லாம் அலமாரியில் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிடுவார்கள். அதன் வெம்மையில் உள்ளே ஈரப்பதம் தாழும். இன்றைய எல்இடி விளக்கை வைத்துவிட்டுத் துரு பிடிக்கிறதே என்பவர் இருக்கிறார். வெளிச்சத்துக்கும் துருவுக்கும் தொடர்பில்லை ஐயா, வெம்மைக்கே வேலை. மரப்பலகைகளைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். கறையான் சுவரோடு ஏறும் மண்கோட்டை அப்போதுதான் கண்ணில் படும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அது உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. விரித்துக் கொடியில் போடுக. மரத்தூளையும் இலேசாக எண்ண வேண்டாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 1995இலேயே புற்று உண்டாக்குவனவற்றின் முதற்பிரிவில் சேர்த்துவிட்டது. முகக்கவசம் அணிய நமக்குப் பெருந்தொற்று கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு இங்கே ஒரு பயன்.

பேணுதலைக் குறித்துப் பேசும்போதெல்லாம் புறநானூற்று ஔவையார் எனக்கு நினைவுக்கு வருகிறார். அதியமானின் வலிமைக்கு 87ஆம் பாடலில் அவர் தரும் உவமை தச்சுப் பட்டறையிலிருந்து எடுத்தது. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு மாதம் முழுவதும் கருதிச் செய்த ஒரே ஒரு சக்கரத்தைப் போன்றவன் அவன் என்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் எட்டுத் தேரில் வியந்து நின்றுவிடுவார்கள். நான் அந்த ஒரு மாதத்தில் நிற்பேன். முப்பது நாள் ஒரு சக்கரத்தோடு இருப்பவன் அதில் எத்தனை நாள் மரத்தைத் தட்டிப் பார்த்திருப்பான், எத்தனை நாள் உளியைத் தீட்டியிருப்பான்! 206ஆம் பாடலிலும் தச்சுச் சிறுவர் வருகிறார்கள். பரிசில் நீட்டித்ததால் ஊடிய ஔவையார், கைவல்ல தச்சன் பிள்ளைகளுக்குக் கோடரியோடு காடு புகுந்தாற்போல எமக்கு எத்திசையிலும் சோறுண்டு என்று புறப்படுகிறார். அப்போது அவர் சுருக்கிக் கட்டுவது 'கலப்பை'. உழுகலப்பை அன்று, கலங்களை இட்டுவைக்கும் பை. கருவியும் பையுமாக வாழ்ந்தவர்களை இணையாக வைத்துப் பேச ஒரு பெரும்புலவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. பின்னாளில் நமக்கு வந்த கூச்சத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மரம்.

கோடியக்கரையில் காடு இருக்கிறது, ஆகவே மரத்துக்குப் பஞ்சமில்லை என்று வெளியூரார் நினைக்கிறார்கள். இது 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். 2002இல் ராம்சர் பட்டியலிலும் ஏறிய நிலம். உலக்கைக்குப் பேர்பெற்ற பாலைமரம் இக்காட்டில் மிகுதி. (பாலைத்திணைக்குப் பெயர் தந்த பாலை எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் இங்கே புகவில்லை.) அந்தக் காட்டிலிருந்து விழுந்த கிளையொன்றைக்கூடப் பொழுதுபோக்குத் தச்சன் எடுத்துவரக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கிளை அங்கே மட்கினால்தான் காடு காடாக இருக்கும்.

மரம் வேறிடத்திலிருந்து வந்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்பொழுதில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. வேதாரண்யத்து மாந்தோப்புகளும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் ஒரே இரவில் படுத்தன. தலைமுறைச் சேமிப்பு என்று உழவர்கள் எண்ணியிருந்தது விடிந்ததும் அகற்ற வேண்டிய குப்பையாயிற்று. விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தது. அகற்றும் கூலியும் மரத்தின் விலையும் ஏறத்தாழச் சமமாகிவிட்ட அந்தக் கணக்கை நான் மறக்கவில்லை. தென்னையும் மாவும் வாசலிலேயே அறுபட்டு விறகாகவும் சூளைக்கும் போனதைப் பார்த்தவன் நான். பல வாரம் மின்சாரம் கிடையாது. எந்திர ரம்பம் கிடைத்தவன் அரசன். கைவாள் வைத்திருந்தவனும் கூரை ஒன்றைத் தாங்கிப் பிடிக்கச் சட்டம் அறுத்துக்கொண்டான்.

தென்னைமரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது விறகுக்கே ஆகும் என்ற நினைப்பு சரியன்று. அதன் தண்டின் வெளிப்பகுதி, அதிலும் அடிப்பக்கத்தில், மிகக் கடினமானது. உட்பகுதி மென்மையான நார்ப்பஞ்சு. உள்ளதைக் கழித்து வெளியதை மட்டும் அறுத்தால் நல்ல சட்டம் கிடைக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டார் இதை நெடுங்காலமாக ஆராய்ந்து பயன்படுத்தி வருகிறார்கள். மணிலாவில் தென்னையின் பொருள்களைக் கொண்டே ஒரு மாளிகை எழுப்பியிருக்கிறார்கள். தென்னையில் மணற்சத்து உண்டு. வாளின் பல்லையும் உளியின் நுனியையும் விரைவில் மழுக்கும். மீண்டும் சாணைக்கல்லிடமே வந்து சேர்கிறோம். மாமரம் அறுப்பதற்கு இனியது, ஆனால் அறுத்த ஓரிரு வாரத்தில் கருநீலம் பாயும், உளுவண்டு துளைக்கும். உடனே பலகையாக்கி, போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவிட்டு நிழலில் அடுக்கினால் காப்பாற்றலாம். அந்த மருந்து நீரில் கரைந்து போகும் ஆகையால் வீட்டுக்கு உள்ளே வைக்கும் பொருளுக்கே அது ஏற்றது. பூவரசு இவ்விரண்டினும் மேலானது. பழைய வண்டிகளிலும் கலப்பைகளிலும் அதன் கைவேலையைக் காணலாம். புயலில் சாய்ந்த பூவரசிலிருந்து எடுத்த பலகைகள் சில என்னிடம் இப்போதும் உள்ளன.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காயவேண்டும் என்பது வழிவழி வந்த கணக்கு. இங்கே அதையும் நம்ப முடியாது. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு இருந்தால், மரம் எத்தனை ஆண்டு காய்ந்தாலும் தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரை விடாது வைத்திருக்கும். ஈரப்பதம் 50 விழுக்காடாக உள்ள குளிரூட்டிய அறையில் அது 9 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கோடியக்கரையில் செய்த பெட்டியைச் சென்னையில் மகள் வீட்டுக் குளிரறையில் வைத்தால் மூடி வெடிப்பது இதனால்தான். மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு இடம்விட்டுப் பொருத்துவதே தச்சின் இலக்கணத்தில் முதல் நூற்பா. பலகை காய்ந்துவிட்டதா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மாதம் ஒருமுறை எடை போட்டுப் பலகையிலேயே பென்சிலால் எழுதிவைக்கலாம். எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று பொருள். தஞ்சையில் பலாக் கட்டையைக் குடைந்து வீணை செய்வோர் (2013இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது) மரத்தைத் தேர்வதிலும் காயவிடுவதிலும் காட்டும் பொறுமையை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள், வாங்கிய அன்றே பலகையை அறுக்கமாட்டார்கள்.

இப்போது அந்தக் கூச்சம். படித்த தமிழர் வீட்டில் உளியும் வாளும் இல்லாமற் போனதற்குச் சோம்பல் காரணமன்று. கைத்தொழிலைப் பிறப்போடு கட்டிவைத்த ஏற்பாடு காரணம். தச்சு இன்னாருக்கு உரியது, மற்றவர் தொடலாகாது. இன்னார் அதை விட்டு வேறெதையும் தொடலாகாது. 1930இல் இதே வேதாரண்யத்து மண்ணில் உப்பள்ளிச் சிறைசென்ற இராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953இல், பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படித்து மறு அரைநாள் பெற்றோர் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடு அதை எதிர்த்தது. அடுத்த ஆண்டு அவர் பதவி விலக, காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தது சரி. அன்று எதிர்த்திராவிட்டால் என் வகுப்பறையில் இன்று அமர்ந்திருக்கும் பாதிப் பேர் அங்கே இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வெற்றியின் நிழலில் ஒரு பிழையும் நம்மோடு வந்துவிட்டது. பிறப்பின் பெயரால் தொழிலைத் திணிப்பதை மறுத்த நாம், கைத்தொழிலையே மறுத்ததாக எண்ணிக்கொண்டோம். பின்லாந்து 1866இலேயே ஊர்ப்பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்குக் கைவேலையைப் பாடமாக்கியது. யார் மகன் என்று கேட்காமல் எல்லார் கையிலும் கத்தியும் மரமும் கொடுத்தார்கள். அங்கே அது கல்வி. நமக்கு அது சாதியின் எச்சமாகவே கண்ணில் படுகிறது.

வீட்டுப் பட்டறையை நான் ஆதரிப்பது இந்த இடத்தில்தான். விரும்பியவர், விரும்பிய நேரத்தில், எவர் மகனாக இருந்தாலும் எவர் மகளாக இருந்தாலும், உளியை எடுக்கிறார். பிறப்புக்கும் கருவிக்கும் இருந்த கட்டு அவிழ்கிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நான்கு காணொளி பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த ஆசாரியிடம் கூலியில் பேரம் பேசும் படித்தவர்களை நான் அறிவேன். ஒரு கதவுச் சட்டத்தின் மூலையைத் தாமே பொருத்திப் பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார் என்று நம்பினேன். பேசுகிறார்கள். பொழுதுபோக்காக நாம் செய்வது அவருக்கு அரிசி. ஒரு நாள் அவரருகில் அமர்ந்து கற்றால் அந்த நாளின் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். கல்லூரியில் சிறப்புரைக்கு வருபவருக்குப் பொன்னாடையும் உறையும் கொடுக்கிறோம் அல்லவா?

வீட்டில் இடமில்லை, பணமில்லை என்போர் மிகுதி. கோடியக்கரையில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். எனவே பட்டறை தனி வீட்டுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையோரம் புயல் பாதுகாப்பு மையங்கள் பல கட்டப்பட்டன. புயலில்லாத நாள்களில் அவற்றில் பல அறைகள் சும்மா கிடக்கின்றன. ஒன்றில் ஒரு மேசை, பத்துக் கருவி, ஒரு சாணைக்கல். அடுத்த புயலில் மரம் சாயும்போது, மின்சாரம் நின்றபின், அறுக்கவும் தாங்கு கொடுக்கவும் தெரிந்த இருபது இளைஞர் அந்தக் கட்டடத்துக்கு உள்ளேயே இருப்பார்கள். செலவு பெரிதன்று, ஓர் ஊராட்சிக்கு, ஏன் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கே தாங்கும்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் எழுந்து, கருவிகளை யார் வாங்கித் தருவது என்று கேட்டார். வாங்கித் தரப் பலர் முன்வருவார்கள். திறப்பு விழாவுக்கு நாடாவும் கிடைக்கும். வாரந்தோறும் ஞாயிறு காலையில் அரைமணி நேரம் வந்து, நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் போடுபவர் யார், அவருக்கு மாதம் எவ்வளவு, அவர் வராத வாரம் சாவி யாரிடம் என்பதைத் தீர்மானத்தில் முதல் வரியாக எழுதுங்கள் என்றேன். இதுவரை தீர்மானம் எழுதப்படவில்லை. சாவி வைத்துக்கொள்ள நான் ஆயத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.